சாயங்காலம் வந்துவிடுவான்

சனிக்கிழமைகளில் குசினியில் சோறு மட்டும் வடிக்கச் சொல்வதோடு சரி. மீன்குழம்பு பிளாரன்ஸ் வீட்டிலிருந்து வந்துவிடும். சீலா கிடைத்தால் சீலா, இல்லையென்றால் பாறை. மதிய மணி அடிப்பதற்குள் தூக்குவாளியோடு வாசலில் நிற்பாள். இன்று ஏனோ காணவில்லை. வரட்டும், நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், ஃபாதர் பவுல்.

ஆயர் உங்களை எதற்கு அனுப்பியிருக்கிறார் என்று தெரியும். அவள் புருஷன் மெல்வின் விஷயம். பதிவு செய்வதென்றால் செய்துகொள்ளுங்கள். போனை இப்படி மேசை நடுவில் வையுங்கள். துறைமுகத்து லாரிச் சத்தமும் சேர்ந்து கேட்கும், பரவாயில்லை. போப்பாண்டவரின் தூதுவராக நாடு நாடாய் இருந்து முடி நரைத்தவன் நான். கேள்விக்குப் பதறாமல் பதில் சொல்வதுதான் என் தொழிலே.

அந்த வேலையை ஊரில் பெரிதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது காத்திருக்கிற வேலை. குரலை உயர்த்தாதவனுக்குத்தான் கடைசியில் காரியம் நடக்கும் என்று இளம் வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். வெளியே ஆட்சி கவிழும், தெருவில் டயர் எரியும். நான் மந்திரியின் மனைவிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்பேன். அப்படி வாழ்த்துச் சொல்லித்தான் ஒரு நாட்டில் சிறையிலிருந்த இரண்டு கன்னியாஸ்திரிகளை மீட்டேன். அதையும் ஆயரிடம் சொல்லுங்கள்.

நான் ஆயராக அபிஷேகமான வருஷம் நம் தெருக்காரர்கள் இந்த மார்புச் சிலுவையைச் செய்து போட்டார்கள். முத்துக்குளிப்பு நின்று வெகுகாலமாகியும், வீட்டுக்கு வீடு பெட்டிக்குள் பழைய முத்து ஒன்றிரண்டு கிடந்தது. ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். மகளின் கம்மலுக்கென்று வைத்திருந்ததைக் கொடுத்தவர்களும் உண்டு. உலகத்தின் எந்த மூலையில் நம் பையனுக்கு இடைஞ்சல் வந்தாலும் இந்தச் சிலுவை போட்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நானாக அப்படி எதுவும் சொல்லவில்லை.

கடைசியாக நான் இருந்தது ஒரு துறைமுக நாட்டில். அங்கே வந்து நின்ற கப்பலொன்றில் போதைப்பொருள் இருந்ததென்று மாலுமிகளைப் பிடித்தார்கள். மெல்வினுக்கு அதில் எஞ்சின் அறையில் வேலை. வீட்டுக்குப் போன் பேசக் கரைக்கு இறங்கியிருந்ததால் அவன் மட்டும் அகப்படவில்லை. அந்த ஊரில் இந்தியத் தூதரகமும் இருந்தது, ஃபாதர். துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரம். அவன் அதைத் தாண்டி, கொட்டுகிற மழையில் ஊரின் மறுகோடிக்கு ஓடி, என் வாசலுக்கு வந்தான். வேறு ஊர்க்காரன் எவனும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

அவன் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, சிலுவையை.

“தோத்திரம் ஆண்டவரே. ரெண்டாவது வரிசையில ஓரத்துல இருக்கு பாருங்க, அது எங்க வீட்டு முத்து,” என்றான்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். வீடு வந்து சேர்ந்துவிட்டவன் சிரிக்கிற சிரிப்பு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எத்தனையோ காலம் கழித்து ஒருவனோடு நம் ஊர்ப் பேச்சில் பேசினேன். எங்கள் வீட்டு வேலைகளைக் கவனித்த கன்னியாஸ்திரிகள் அவன் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டார்கள்.

தூதுவரின் வளாகத்துக்குள் அந்த நாட்டுப் போலீஸ் கால் வைக்க முடியாது. அது அங்குள்ள மந்திரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம்தான் அரசாங்கத்தோடு எங்கள் ஒப்பந்தம் கையெழுத்தாக இருந்தது. பறித்துக்கொண்ட பள்ளிக்கூடங்களையும் ஆஸ்பத்திரியையும் திருச்சபைக்குத் திருப்பித் தருகிற ஒப்பந்தம். என் வாழ்நாள் வேலை அது. மெல்வின் என்னிடம் இருப்பது தெரிந்து மந்திரி போன் செய்தார். மிரட்டவில்லை. உங்கள் விருந்தாளியிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுச் சாயங்காலமே அனுப்பிவிடுகிறோம் என்றார். அவ்வளவு பண்பாகப் பேசுகிறவரிடம் உத்தரவாதம் கேட்பது அநாகரிகம் என்று பட்டது.

மெல்வின் பயந்தான். நான்தான் கையைப் பிடித்துக் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன்.

“ஒண்ணும் இல்லலே மக்கா. போயிட்டு வா. சாயங்காலம் வந்திருவ.”

“நீங்க சொன்னாச் சரி ஆண்டவரே. சட்டை காயட்டும், வந்து போட்டுக்கிடுதேன்.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டான். காவலாளியை ஏவாமல் கேட்டை நானே திறந்தேன். ஒரு மரியாதைக்காக.

ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் தினமும் பிரசவம் நடக்கிறது. அதற்கு இது சரியாகப் போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சொல்லாமல் விடுவதும் நேர்மையில்லை.

இங்கே மற்ற மாலுமிகளின் வீட்டுக்காரர்கள் கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தார்கள், டிவிக்காரர்களைக் கூப்பிட்டார்கள், மதுரையில் கேஸ் போட்டார்கள். பிளாரன்ஸும் கிளம்பினாள். நான் போனில் தடுத்தேன். “சத்தம் போட்டா அவன் உசுருக்கு ஆபத்தும்மா. நான் உள்ளுக்குள்ள பேசிக்கிட்டிருக்கேன்,” என்றேன். “எனக்கு என்ன தெரியும் ஆண்டவரே, ஒங்கள விட்டா எங்களுக்கு ஆரு இருக்கா?” என்று அழுதாள். பாவமாக இருந்தது. ஆனால் அவள் தெருவில் இறங்கியிருந்தால் முதலில் வந்திருக்கும் கேள்வி, மெல்வின் எந்தக் கேட் வழியாக வெளியே போனான் என்பதுதான்.

சத்தம் போட்டவர்களின் ஆட்கள் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். டெல்லி தலையிட்டது. மெல்வினைத் தனியாக வேறொரு சிறையில் வைத்திருந்தார்கள். அவனுக்காக யாரும் கேட்கவில்லை, அதனால் அவன் வரவில்லை. நானும் கேட்கத்தான் செய்தேன், ஃபாதர். விருந்துகளில் மந்திரியைப் பார்க்கும்போதெல்லாம் நினைவூட்டினேன். அவர் தலையாட்டுவார். அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

ஓய்வு பெற்றுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாளில் என் செயலர் வந்து மெதுவாகச் சொன்னார். சிறையில் காய்ச்சல் கண்டு மெல்வின் போய்விட்டான். துறைமுகத்துக்குப் பின்னால் ஏதோ பொது இடத்தில் புதைத்துவிட்டார்களாம். யாரும் செபம் சொல்லவில்லையாம். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவனுடைய சட்டையை இஸ்திரி போட்டுப் பெட்டியில் மேலாக வைத்தேன்.

ஊருக்கு வந்ததும் அதைப் பிளாரன்ஸிடம் கொடுத்து, அவன் கொடுத்தனுப்பியதாகச் சொன்னேன். முழுப் பொய் இல்லை, என் வீட்டில்தானே விட்டுப் போனான். அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

“அவிய வாசமே இல்லையே ஆண்டவரே.”

“துவச்சதும்மா.”

“நல்லா இருக்காவளா?”

“நல்லா இருக்கான்.”

அன்றிலிருந்துதான் சனிக்கிழமைக் குழம்பு.

நம் கடற்கரை வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குப் போனவனின் உடல் வராவிட்டாலும், சாவு உறுதியான அன்று தெருக் கோயிலில் துக்க மணி அடிப்போம். அதுவரைக்கும் ஞாயிறு பூசையில், கடலில் இருப்பவர்களுக்கான மன்றாட்டில் அவன் பெயர் வரும். மணி அடித்துவிட்டால் பெயர் நின்றுவிடும், பெண்சாதி தாலியைக் கழற்ற வேண்டும். வயதானவன் என்று அந்த மன்றாட்டை என்னையே சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். வாராவாரம் மெல்வின் பெயரைச் சொல்கிறேன். முன்வரிசையில் பிளாரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்பாள். அந்த நேரத்தில் அவன் உயிரோடுதான் இருக்கிறான். இதில் யாருக்கு என்ன கெடுதல்? ஒரு பெண்ணின் தாலி அவள் கழுத்திலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அதுவும் ஒரு மேய்ப்புப் பணிதான்.

இப்போது மணப்பாட்டுக்காரன் ஒருவன் அந்தத் துறைமுகத்துக்குக் கப்பலில் போய்வந்து, மெல்வின் செத்துப்போன விஷயத்தை ஆயரிடம் சொல்லிவிட்டான். நல்லது. நானும் மறுக்கப்போவதில்லை. கேட்டைத் திறந்தவன் நான். அவள் வாயை அடைத்தவன் நான். செத்தவன் பெயரை உயிரோடிருப்பவர்களோடு சேர்த்துப் பீடத்திலிருந்து சொன்னவனும் நான்தான். ஆயரிடம் அப்படியே சொல்லுங்கள். பிளாரன்ஸிடம் மட்டும் சொல்ல வேண்டாம். அவளால் தாங்க முடியாது. நேரம் பார்த்து நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மணி அடிக்கிறது. இனி வந்துவிடுவாள், எழுந்து கையைக் கழுவுங்கள்.

இல்லை, இது மதிய மணி இல்லை. ஒவ்வொன்றாக விட்டுவிட்டு அடிக்கிறார்கள். நம் தெருவில் யாரும் சாகக் கிடக்கவில்லையே. ஏன் ஃபாதர் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்? அவள் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் இங்கே வந்தீர்களா?

அவசரப்பட்டுவிட்டீர்கள். அங்கே மந்திரி மாறிவிட்டார். புதிதாக வந்திருப்பவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால், எப்படியாவது பேசி அவனை வீட்டுக்கு அனுப்பிவைத்திருப்பேன்.