ஒன்பது மணி விசாரணை

— ட்ரக் கதவைத் திறக்காதே, ராய்ஸ். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அந்த டோனட்டையாவது தின்னுட்டுப் போ.

— நீயே தின்னு, லோர்னா. உள்ளே போனா விசாரணை அதிகாரி ஒரே கேள்விதான் கேட்பார். கடனை ஏன் மறைச்சேன்னு. ராணுவ ரகசியங்களைக் கையாளுற அனுமதி போச்சுன்னா, கடலடியில ஒலி கேட்டுக் கப்பல் தேடுற என்னை மாதிரி சோனார்காரனை நீர்மூழ்கியில ஏத்துவாங்களா? கரையில நின்னு பெயின்ட் சுரண்டத்தான் விடுவாங்க.

— கடற்படையில யாருக்குத்தான் கடன் இல்லை?

— இருக்கிறது தப்பில்லையாம். நாலு மாசத்துக்கு மேல கட்டாத பாக்கி உண்டான்னு அந்த அனுமதிப் படிவத்துல கேட்டாங்க. நான் இல்லைன்னு குறிச்சுட்டேன். அதுதான் இப்போ கழுத்தை நெரிக்குது.

— சேர்ந்த மூணாம் மாசமே, தளத்து வாசல்ல இருந்த முதல் கடையில, இருபத்திரண்டு சதவீத வட்டிக்கு இந்த ட்ரக்கை வாங்கினியே, மகராசா! இதுக்குத் தவணை கட்ட ஒரு கிரெடிட் கார்டு, அந்தக் கார்டுக்கு இன்னொரு கார்டு...

— உன்னைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனதும் இதுலதான். அப்போ பிடிச்சிருந்ததே?

— சிரிப்பா வருது உனக்கு?

— சிரிக்கலடி. பணத்துக்குத் தவிக்கிறவனை எதிரி நாட்டான் எவனாவது விலைக்கு வாங்கிடுவான்னு பயப்படுறாங்க. என்னை! நீர்மூழ்கி கிளம்புற தேதியைக்கூட உன்னைத் தவிர யார்கிட்டயும் சொல்லாம, எட்டு வருஷமா வாயைத் தைச்சு வெச்சிருக்கிறவனை!

— இந்தா, இந்தக் கவரைப் பிரி. இதுக்குத்தான் உன்னை உட்காரச் சொன்னேன்.

— கார்டு கம்பெனிக் கடிதங்களா? இரு... பாக்கி பூஜ்யமா? மூணு கார்டுலயுமா? முப்பத்தோராயிரம் டாலர், லோர்னா!

— எல்லாத்தையும் அடைச்சாச்சு. போய் மேசை மேல வை. பொய் சொன்னது தப்புதான், ஆனா தீர்த்துட்டேன்னு சொல்லு.

— ஏது இவ்வளவு பணம்? உங்கப்பா பத்து டாலர் தர யோசிப்பாரே!

— நான் முடி வெட்டுற சலூனுக்கு வாராவாரம் ஒருத்தர் வர்றார், கெல்லர்னு. நான் அழுததைக் கண்ணாடியில பார்த்துட்டாரு. என்ன ஏதுன்னு கேட்டாரு, கொட்டிட்டேன். மறுநாள் ரொக்கமாவே கொண்டு வந்துட்டாரு.

— வாராவாரமா? அப்படியா முடி வளருது அந்த ஆளுக்கு?

— நக்கல் பண்ணாதே. தங்கமான மனுஷன். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கல.

— எந்த ஊர்க்காரர்? என்ன வேலை பார்க்கிறார்?

— கேட்கலை, ராய்ஸ். நீ சாப்பிடாம, தூங்காமக் கெடந்தே. நான் எதைன்னு கேட்பேன்?

— வட்டி?

— வேணாமாம். நீ கடல்லேர்ந்து வந்தப்புறம் மெதுவாத் தந்தாப் போதுமாம்.

— வேற என்ன கேட்டான்? லோர்னா, என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு.

— ஒண்ணுமே கேட்கலைப்பா. தவணை போடணும், உன் நீர்மூழ்கி எப்போ கிளம்புது, எப்போ திரும்புதுன்னு மட்டும்தான். ரெண்டு தேதியையும் அவர் டைரியில நானே என் கையால எழுதிக் கொடுத்தேன்.