அன்பாஸன் என்றொரு சொல்

"படுங்கோ! விழுந்து படுங்கோ!"

கத்துவது நான். தையல் மேசைக்குக் கீழே கிடக்கிறேன். செவ்வாய்க்கிழமை, காலை 10:42. ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரம். வெளியே ட்ராம் போகிறது. இங்கே குண்டு எதுவும் விழவில்லை. அலறியது ஒக்சானாவின் கைபேசி. உக்ரைனில் அவளுடைய ஊர் வானில் ஏவுகணை வந்தால் அது இங்கே கூவும். அவள் தங்கை லீனா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

நாங்கள் இருவரும் உடுப்புத் திருத்தும் கடையில் வேலை செய்கிறோம். அவள் வந்து இரண்டு வருடம். நான் வன்னியிலிருந்து தப்பி வந்து பதினைந்து வருடம். இன்னும் சத்தம் கேட்டால் முதலில் படுத்துவிடுகிறேன்.

பதினொரு மணிச் செய்தி. கடலுக்கு அப்பால் ஒரு நட்பு நாடு. உக்ரைனுக்கான ஆயுத உதவியை அதன் நாடாளுமன்றம் சட்டம் போட்டு வெட்டிவிட்டது. வானொலி 'வெட்டு' என்று சொல்லவில்லை. 'அன்பாஸன்' என்றது.

எங்கள் கடைச் சொல் அது. ஆளுக்குப் பொருந்தும்படி உடுப்பைத் திருத்துவது. ஒக்சானா ஜெர்மன் பழகியதே இந்தக் கடையில்தான். அவள் முகம் மலர்ந்தது. தேவைக்குப் பொருத்தமாகத் தரப்போகிறார்களாம். லீனா பெட்டி கட்டிவிட்டாள், மாலை ரயிலில் வெளியேற இருந்தாள். ஒக்சானா அவளுக்குப் போன் எடுத்தாள். சிரித்துச் சிரித்துப் பேசினாள். பயப்படாதே, அங்கேயே இரு என்று சொன்னாளாம்.

எனக்குச் சந்தேகம். கத்தரி வைக்காமல் நாங்கள் எந்த உடுப்பைச் சிறிதாக்கியிருக்கிறோம்? இப்படி மெத்தென்ற சொல்லை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். அன்று வன்னியில், ஷெல் விழாத இடம், 'பாதுகாப்பு வலயம்' என்றார்கள். நம்பினேன். தம்பியை அங்கே போகச் சொன்னது நான்தான். தூரத்தில் ஷெல் ஏவுகிற குத்துச் சத்தம் கேட்டது. அது வந்து விழும்வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நாலு எண்ணவில்லை. வலயத்துக்குள்தான் விழுந்தது.

"வெளிக்கிடச் சொல்லு, உடனே!" என்று ஒக்சானாவிடம் கத்தியிருக்க வேண்டும். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதே இல்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு காற்சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தைத்தேன். கோழை நான்.

வெள்ளிக்கிழமை, காலை 9:15. கைபேசி கூவுகிறது. இந்த முறை நான் படுக்கவில்லை. ஒக்சானா தங்கையின் எண்ணை அழுத்துகிறாள். மறுபடி அழுத்துகிறாள். மணி போகிறது. யாரும் எடுக்கவில்லை.

நாலாம் மாடியில் இடிந்துபோன ஒரு வீடு. கட்டியபடியே ஒரு பெட்டி. லீனா, வயது முப்பத்தொன்று. என் தம்பி, வயது பத்தொன்பது. அவனை ஒரு சொல்லை நம்பி அனுப்பினேன். இவள் விஷயத்தில் நம்பாமலே பேசாமல் இருந்தேன். இரண்டு பேர். என் பங்குக்கு மட்டும்.