எழுதாததைச் சேர்க்காத எங்கள் மேடத்துக்கு

காலை எட்டே முக்காலுக்கு வருவீர்கள். குடையை அலமாரிக் கைப்பிடியில் மாட்டுவீர்கள். கண்ணாடியைத் துடைப்பீர்கள். முதல் கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்குவீர்கள். முப்பத்தொரு ஆண்டுகளில் இதில் ஒன்றும் மாறவில்லை.

நோய்களை எண்களாக்கும் நுண்மதியே! அறுவை அரங்கின் அவசரக் கிறுக்கலையும் அயராது படித்த அறிவே! மருத்துவக் குறியீட்டுப் பிரிவின் மாண்புமிகு தலைவியே, வணக்கம்!

இந்த அடைமொழிகள் மூத்த எழுத்தர் சேர்த்தவை. "வழியனுப்பு மடல்னா கொஞ்சம் மணக்கணும்ப்பா" என்றார். மற்றவை நான் எழுதியவை.

நோய்க்கு ஓர் எண், செய்த சிகிச்சைக்கு ஓர் எண். இதுதான் நம் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு குடல்வால் அறுவைக்கு, வெடித்த குடல்வால் என்று நானாக எண் போட்டேன்.

"வெடிச்சதுன்னு டாக்டர் எழுதினாரா? இல்ல, நீ உள்ள போய்ப் பார்த்துட்டு வந்தியா?"

பிரிவே சிரித்தது. மருத்துவரிடம் கேட்டுவரச் சொன்னீர்கள். வெடிக்கவில்லை.

சென்ற ஆண்டு என் மனைவி இதே மருத்துவமனையில் இறந்தாள். அவள் கோப்பு நம் பிரிவுக்கு வந்தது. என் கண்ணில் படும் முன் எடுத்துக்கொண்டு, எல்லா எண்களையும் நீங்களே போட்டீர்கள்.

வேலைக்குத் திரும்பியபின் ஒருநாள் உங்களிடம் சொன்னேன்: "அவ போன நேரத்துல வெளிய நாற்காலியில தூங்கிட்டேன் மேடம். கூப்பிட்டிருப்பா. எனக்குக் கேக்கல."

"எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?"

"எழுதல. ஆனா..."

"எழுதாததைச் சேர்க்காதப்பா."

மறுநாள் கோப்பை வரவழைத்து, செவிலியர் குறிப்பில் ஒரு வரியைக் காட்டினீர்கள். அதற்கு எந்த எண்ணும் கிடையாது. இருந்தும் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் வருகிறது. நன்றி மேடம்.

தெளிந்த பார்வையோடும் வலியில்லாத முழங்கால்களோடும் நெடுங்காலம் வாழுங்கள். இனி எட்டே முக்காலுக்கு எங்கும் போக வேண்டாம். குறியீட்டுப் பிரிவின் ஒன்பது பேரும் அன்புடன் கையெழுத்திட்டிருக்கிறோம்.

இம்மடல் சட்டமிடப்படும். அந்த வரியும் அதில் இருக்கட்டும் என்று மற்ற எட்டுப் பேரும் சொன்னார்கள். பகல் இரண்டு பத்துக்கு, கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு அவள் கடைசியாகச் சொன்னது, செவிலியர் எழுதியபடியே:

"அவரை எழுப்பாதீங்க சிஸ்டர். இப்பத்தான் கண் அசந்தாரு."