இரண்டாவது கெட்டிமேளம்

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை. வீட்டில் ரேடியோகூட என் மனைவி வைத்தால்தான் உண்டு. பதினாறு வருடம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு மற்ற நேரங்களில் கொஞ்சம் அமைதி கிடைத்தால் போதும் என்றுதான் இருக்கும்.

இன்ஸ்பெக்டர் சாருக்குத் தமிழ் தெரியாது. எழுதிக் கொடு, ஆள் வைத்து மராட்டியில் மாற்றிக்கொள்கிறேன் என்றார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வானமாமலை அண்ணாச்சி வீட்டுக் கல்யாண வீடியோவில், தாலி கட்டி முடிந்த பிறகும் கெட்டிமேளம் ஏன் மறுபடி கேட்கிறது? நல்ல கேள்வி. தாராவியில் அந்தக் கேசட்டை எத்தனையோ பேர் போட்டுப் பார்த்தார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. பதில் சொல்வதற்கு முன்னால் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்களுடையது இரண்டு கேசட் டெக், ஒரு மிக்சர், ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், நாலு பெட்டி. எங்களுடையது என்றால் எனக்கும் அய்யாத்துரைக்கும். மைக் செட் என்று இருந்ததை ‘டிஸ்கோ ஜாக்கி’ என்று கார்டு அச்சடித்தவன் அவன்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். ரிசப்ஷனில் மைக்கைப் பிடித்தானென்றால் செம்பூர் ஆபீஸர்கள்கூடக் கோட்டைக் கழற்றிவிட்டு ஆடுவார்கள். நான் பாட்டு மாற்றுவேன். ஒரு டெக்கில் பாட்டு முடிவதற்குள் அடுத்த டெக்கில் அடுத்த பாட்டு ஏறிவிட வேண்டும். நடுவில் ஒரு நொடி காலியாக விழுந்தாலும் ஆடுகிறவன் நின்றுவிடுவான், நின்றவன் வீட்டுக் கஷ்டத்தை நினைப்பான். இடைவெளி விடாமல் ஓட்டுவதில் பம்பாயில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை.

முகூர்த்தத்துக்கும் நாங்கள்தான். மேளக்காரர்களை ஊரிலிருந்து ரயிலேற்றிக் கூட்டி வர எல்லாராலும் முடியுமா? அதனால் கெட்டிமேளம் கேசட்டில். ஐயர் விரலை உயர்த்தியதும் பொத்தானை அமுக்க வேண்டும். தாலி ஏறுகிற நேரத்தில் தும்மலோ அழுகையோ ஒரு கெட்ட சொல்லோ காதில் விழக் கூடாது என்பதற்குத்தானே கெட்டிமேளம். மராட்டியில் மாற்றுகிறவர் இதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

எண்பத்தைந்தில் மாட்டுங்காவில் வானமாமலை அண்ணாச்சியின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். ஐயர் விரலை உயர்த்தினார், அமுக்கினேன். கேசட்டின் தொடக்கத்தில் இருக்கும் வெற்று நாடாவைத் தாண்டி முன்னுக்குச் சுற்றி வைக்க மறந்திருந்தேன். வெறும் நாடாதான் ஓடியது. பதினோரு விநாடி மண்டபம் முழுக்க அப்படி ஒரு நிசப்தம். அதில் யாரோ பெரிதாகத் தும்மினார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பெண் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இரண்டு வருடம் கழித்து இளையவளுக்கு நிச்சயமானது. எங்களைத்தான் கூப்பிட்டார். என் முன்னாலேயே அய்யாத்துரையிடம் சொன்னார்: “தம்பி, இந்தத் தடவ பொத்தான நீயே அமுக்கிரு. சொரிமுத்து ஒயர் வேலயப் பாக்கட்டும்.”

“சரி அண்ணாச்சி,” என்றான் அவன். இல்லை, அவரே இருக்கட்டும் என்று அவன் சொல்லியிருக்கலாம். எனக்கு அது மிகவும் வலித்தது.

ஆவணி மாதம், தாராவியில் தெருவை மறித்துப் பந்தல். முந்தின நாள் மழையில் தரையெல்லாம் சொதசொதவென்று ஈரம். ஒயர் வேலை என்னுடையது என்பதால் விடிந்ததுமே போய்விட்டேன். எங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வியாதி உண்டு. எர்த் ஒயர் இல்லாமல் பாடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும், மைக்கும் சேர்ந்து அடிக்கும். எர்த் கொடுத்தாலோ பெட்டியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வரும். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இரைச்சல் வேண்டாமென்று எர்த் ஒயரைக் கழற்றினேன். தொழிலில் இருக்கிறவர்கள் எப்போதாவது செய்கிறதுதான். கழற்றிய பிறகு டெக்கில் கெட்டிமேளம் கேசட்டைப் போட்டேன். இரண்டாவது டெக்கில் அதே கேசட்டின் இன்னொரு பிரதியைப் போட்டேன். இரண்டையும் முன்னுக்குச் சுற்றி, ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்த்தேன்.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அய்யாத்துரை மேடைக்குப் பின்னால் திரைக்குள் வந்தான். மணமேடைப் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றிவிடுவது அவன் வழக்கம். வெறுங்காலோடு ஈரத்தில் நின்று, குனிந்து என் காதில் சொன்னான்: “அண்ணாச்சி, நீங்களே அமுக்குங்க. அவருட்ட நான் பேசிக்கிடுதேன். மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதிய. பொண்ணு வருதுன்னு நான் மைக்குல ஒரு வார்த்த சொல்லிருதேன்.”

நல்லவன்தான். அவனை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. மைக்கைத் தொடாதே என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் நான் டெக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கியமான நேரத்தில் கவனம் சிதறக் கூடாது. என் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திரைக்குள் நின்றபடியே பெண்ணைக் கூட்டி வந்ததைச் சொல்லும்போது ஒன்றும் ஆகவில்லை, மைக்கைத் துண்டோடு சேர்த்துப் பிடித்திருந்தான். ஐயர் விரலை உயர்த்தினார். நான் அமுக்கினேன். மேளம் சரியாக விழுந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மைக் ஸ்விட்சை அணைப்பதற்காக அதை வெறுங்கையால் பிடித்தான். ‘அண்ணா’ என்று பாதி வந்தது. மிக்சரில் மைக் சத்தக் குமிழைத் திருகிப் பூஜ்யத்தில் வைத்தேன். தாலி ஏறுகிற நேரத்தில் அலறல் கேட்கலாமா?

மெயின் ஸ்விட்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அணைத்தால் மேளமும் நின்றுவிடும். இளையவளுக்கும் மூத்தவள் கதி வர வேண்டுமா? பந்தலில் எல்லாரும் மணமேடையைப் பார்த்து அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று முடிச்சும் விழுந்தது. மொத்தம் நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடிக்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அது அந்தப் பெண்ணுக்காகச் செய்தது. அம்பர்நாத்தில் புருஷனோடு நன்றாக இருக்கிறாள், விசாரித்துப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. தாலி கட்டியாகிவிட்டது, முதல் கேசட்டில் மேளம் முடியப் போகிறது. அய்யாத்துரை தரையில் கிடந்தான். மைக் கையை விடவில்லை. கால் அசைந்துகொண்டிருந்தது, வாயும் அசைந்தது. இரண்டாவது டெக்கை அமுக்கினேன்.

வீடியோவை இன்னொரு தடவை போட்டுக் கேட்டுப் பாருங்கள் சார். இரண்டு மேளத்துக்கும் நடுவில் ஒரு நொடிகூட இடைவெளி இருக்காது.