விமானத் தேதியிலிருந்து பின்னோக்கி

பாலைவனத்துக்குப் போகிறவர்கள் கம்பளி எடுத்துப்போக வேண்டும் என்று சொன்னால் நம் ஆட்களுக்கு ஏறவே ஏறாது. எங்கள் கழகத்தில் இதை நான் பல ஞாயிற்றுக்கிழமை சொல்லிப் பார்த்தேன். பகலில் வெயில் காயும், இருட்டினால் கூடாரத்துக்குள் பல் கிட்டும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் போய்க் குடை வாங்கினார்கள்.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும், இன்ஸ்பெக்டர் சார். அதற்குத்தான் வருகிறேன். முறையாகச் சொன்னால் உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதி.

என் பெயர் தணிகாசலம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஓய்வு பெறும்வரை டிஸ்பாட்ச் மேனேஜராக இருந்தேன். தோல் பதனிடுவது, வெட்டுவது, தைப்பது எல்லாம் மற்றவர்கள் பாடு. தைத்த ஷூ பெட்டியில் ஏறி, பெட்டி கண்டெய்னரில் ஏறி, கண்டெய்னர் கப்பல் கிளம்புவதற்குள் சென்னைத் துறைமுகம் போய்ச் சேர்வது என் பாடு. கப்பல் யாருக்காகவும் நிற்காது. அதனால் நாங்கள் இன்றிலிருந்து முன்னால் பார்த்துத் திட்டம் போடுவதில்லை. கப்பல் தேதியை முதலில் வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி வருவோம். எது எந்த நாளுக்குள் முடிந்தே ஆக வேண்டும் என்பது தானாகத் துலங்கிவிடும். இதைத் தவிர எனக்கு வேறு வித்தை தெரியாது. வாழ்க்கைக்கு இது போதுமானதாகவே இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டுச் சுற்றுலா போகிறவர்களின் சங்கமான ஆம்பூர் அகிலவலக் கழகத்தில் சேர்ந்து செயலாளர் ஆனேன். தலைவர் ரஃபி அகமது பாய், ஷூவுக்கு அடிப்பாகம் செய்யும் கம்பெனி நடத்துகிறவர். கழகத்தின் நோக்கம் உலக அறிவை வளர்ப்பது என்று எங்கள் பேனரில் இருக்கும். உண்மை என்னவென்றால், துபாய் போய்வந்தவனை இன்று ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சிங்கப்பூருக்குக் கட்டிங் செக்‌ஷன் பெண்களே போய்வந்துவிட்டார்கள். ஆகவே யாரும் போகாத நாடு ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டது. துர்க்மெனிஸ்தானைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். அந்தப் பெயர் பாயின் வாய்க்குள் நுழைய இரண்டு கூட்டம் ஆயிற்று.

அங்கே பாலைவனத்தின் நடுவே ஒரு பெரும் பள்ளம் பல வருஷமாக எரிந்துகொண்டிருக்கிறது. பூமிக்கடியிலிருந்து வரும் வாயு. நரகத்தின் வாசல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் பயணத்தின் உச்சம். வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் போக வேண்டும். எங்கள் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து விசாவுக்கு ஒரே அழைப்புக் கடிதம். நடுவில் ஒருவர் கழன்றாலும் எல்லோருக்கும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், இந்த வருஷம் அத்தோடு போச்சு என்று சென்னை டிராவல்ஸ்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் போவது என் ஒருவனுடைய ஆசையாக இருந்தால் என்றைக்கோ விட்டுக்கொடுத்திருப்பேன். பதினோரு பேர் என் தலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேனர் வைத்தோம். பாய் படம் பெரிதாக, அடுத்து என் படம், கறுப்புக் கண்ணாடியோடு. 'எரியும் பள்ளம் காணப் புறப்படும் எங்கள் பயணச் செம்மல்களே' என்று எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்தது நான்தான்.

என் அண்ணன் வேதாசலம் என் வீட்டு முன்னறையில் கிடந்தார். ஜோலார்பேட்டையில் ரயில்வே கார்டாக இருந்தவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளை கிடையாது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாயும் கோணி, கொஞ்ச நாளில் பேச்சு மட்டும் திரும்பி வந்தது. வந்த பேச்சு முழுவதும் என்மேல்தான் செலவானது.

"இன்னாடா தணி, நரகத்தப் பாக்க பிளேன் டிக்கெட்டா? கொஞ்ச நாள் பொறுத்தினா உன்னிய ஃப்ரீயா கூட்டினு போவாங்களே."

நான் சிரித்தேன். எங்களுக்குள் மனஸ்தாபம் எதுவும் இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலூரில் டாக்டரிடம் காட்டியபோது, இன்றைக்கும் போகலாம், ஒரு வருஷமும் இருக்கலாம் என்றார். படித்த மனிதர், இப்படி ஒரு பதிலைக் கூசாமல் சொல்கிறார். எங்கள் கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் இப்படிச் சொல்லியிருந்தால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்றிருப்பேன்.

என் மனைவி செல்லம்மாள்தான் விஷயத்தை உடைத்துப் பேசியவள்.

"நீங்க அங்க இருக்கசொல்ல மாமாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்னா பண்றது? கொள்ளி வெக்க உங்கள வுட்டா யாரு கீறாங்க?"

"ஐஸ் பெட்டியில வெச்சிக்கலாம்."

"நீங்க வர்ற வரிக்குமா? பெட்டி வாடகைக்கு வுடறவனே அடிக்க வருவான். சரி, கெளம்பறதுக்கு நாலு நாள் முன்னாடி ஆனா? பதினாறு நாள் தீட்டோட பிளேன் ஏறுவீங்களா? ஊரு காறித் துப்பும்."

அவள் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. கூடப் பிறந்தவன் போனால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீட்டுக்குள் தீட்டு. கோயிலுக்குப் போகக் கூடாது, விசேஷத்துக்குப் போகக் கூடாது. ஊர் சுற்றப் போவதைப் பற்றிச் சாஸ்திரத்தில் தனியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்லத் தேவையே இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

விமானம் அக்டோபர் பன்னிரண்டு. அதற்கு மூன்று நாள் முன்னால் வழியனுப்பு விழா, பாய் தலைமை. விழாவுக்கு முன் முடி வெட்டி, வீடு கழுவி, துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஓய்ந்து, மூட்டை கட்டச் சில நாள். அதற்கு முன் பதினாறு. பின்னோக்கி வந்தால் செப்டம்பர் இருபதில் வந்து நின்றது. நான் வேண்டுமென்று அங்கே நிறுத்தவில்லை. கணக்கு நின்ற இடம் அது.

அண்ணன் இருபதுக்குள் போய்விட்டால் எல்லாம் முறையாக நடக்கும். நான் திரும்பி வந்த பிறகு போனாலும் முறையாக நடக்கும். நடுவில் போனால்தான் அவருக்கும் அவமரியாதை, எனக்கும் அவப்பெயர், பதினோரு பேருக்கும் நஷ்டம். நடுவில் போக மாட்டார் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்திருந்தால் இன்று நான் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். கேட்டுப் பார்த்தேன். யாரும் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் முழுக்கப் பொறுத்திருந்தேன். அவர் மூச்சைப் பார்ப்பேன், காலண்டரைப் பார்ப்பேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"டிஸ்பாட்ச் மேனேஜரே! என்னிய எந்த வண்டில ஏத்தறதா உத்தேசம்?"

"சும்மா இருண்ணா."

"நானு கார்டுடா. பச்சக் கொடி என் கையிலதான் கீது. நான் ஆட்டினாத்தான் வண்டி கெளம்பும்."

சொல்லிவிட்டு இடது கையை ஆட்டிக் காட்டினார். கட்டில் குலுங்கச் சிரித்தார். செல்லம்மாளும் சிரித்தாள்.

அவரைப் பார்த்துக்கொள்ள ஜெயசீலன் என்று ஒரு பையனை வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் வேலை பழகியவன், பொறுப்பானவன். அவன்தான் உங்களிடம் வந்தான் என்று கேள்விப்பட்டேன். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. அண்ணனுக்கு விழுங்கும் தசை பலவீனம். தண்ணீராக எதையும் கொடுக்கக் கூடாது, கஞ்சியையும் கெட்டியாக, நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டி கரண்டியாகத்தான் கொடுக்க வேண்டும். வாயில் இருக்கும்போது பேச்சுக் கொடுக்கவே கூடாது, நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இதை அவன் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். நானும் ஒவ்வொரு தரமும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் அவன் ஓடி வந்தான்.

"சார், நல்ல சேதி! அண்ணன் இன்னிக்கி வலது கால் வெரல ஆட்டிட்டாரு. இப்டியே போனா பொங்கலுக்கு எழுந்து ஒக்காந்துக்குவாரு."

அவனுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள் சார். பொங்கலுக்கு எழுந்து உட்காரலாம் என்றால் அக்டோபரில் படுத்தே போகவும் செய்யலாம். டாக்டர் சொன்னதைத்தான் இவனும் வேறு வாயால் சொல்கிறான்.

இருபதாம் தேதி புரட்டாசி முதல் சனிக்கிழமை. செல்லம்மாள் தன் தங்கையோடு திருப்பத்தூருக்குப் பெருமாளைச் சேவிக்கப் போய்விட்டாள். மதியம் சாப்பாடானதும் ஜெயசீலனை வாணியம்பாடிக்கு மாத்திரை வாங்க அனுப்பினேன். ஆம்பூரிலும் அந்த மாத்திரை கிடைக்கும். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அண்ணன் நோய்ப்பட்ட நாளிலிருந்து ஒரே ஒரு பொருளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இஞ்சி தட்டிப் போட்ட டீ. எல்லோரும் மறுத்தோம். அன்று நானே போட்டேன். முதுகுக்கு வைத்திருந்த தலையணைகளை எடுத்துவிட்டு, மல்லாக்க வசதியாகப் படுக்கவைத்தேன். வாசனை அவருக்கு முன்னமே எட்டிவிட்டது.

"இன்னாடா திடீர்னு பாசம்?"

"ஒரு நாளைக்கிதானேண்ணா."

முதல் வாய் இறங்கிவிட்டது. இரண்டாவதும் இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இதுக்குடா உயிரோட இருக்கறது" என்றார். எனக்குக் கொஞ்சம் கலக்கமாகிவிட்டது. உண்மையிலேயே தேறிவருகிறாரோ என்னவோ. மணி ஓடிக்கொண்டிருந்தது, வாணியம்பாடி ஒன்றும் தூரமில்லை. கேட்டில் சத்தம் கேட்டது போலிருந்தது. போய்ப் பார்த்தேன். மாடு உரசிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து டம்ளரை அவர் வாயில் வைத்துக்கொண்டே கேட்டேன்:

"அண்ணா, ஜோலார்பேட்டையில ஸ்டேஷன் மாஸ்டர பிளாட்பாரத்துல வுட்டுட்டு வண்டிய எடுத்தியே, அது எப்டி?"

அந்தக் கதையைச் சிரிக்காமல் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றும் அப்படித்தான்.

நான் எழுந்து ஹாலுக்குப் போனேன். கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாள் போடவில்லை. அந்த எரியும் பள்ளத்தைப் பற்றி யாரோ எடுத்த வீடியோ ஒன்றை டிவியில் வைத்தேன். சத்தம் சற்று அதிகமாக வைத்தேன், காற்றின் ஓசை அதில் நன்றாகப் பதிவாகியிருக்கும். இருமல் கேட்டது. 'தணி' என்று ஒரு தரம் கூப்பிட்டார். அவரைத் தவிர என்னை அப்படிக் கூப்பிட யாருமில்லை. வீடியோ முடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். தலையணைகளைப் பழையபடி வைத்தேன். ஒன்றில் டீ சிந்தியிருந்ததை நான் பார்க்கவில்லை. ஜெயசீலன் பார்த்திருக்கிறான். பொறுப்பானவன் என்று சொன்னேனே.

அவன் வந்து அழுதான். அன்று அவன் வாய் திறக்கவில்லை, சாவு வீட்டில் யார் நம்புவார்கள் என்று நினைத்திருப்பான். நான் திரும்பி வருவதற்குள் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

காரியங்கள் குறைவின்றி நடந்தன. கொள்ளி வைத்தேன். பாலாற்று மணலில் பதினாறாம் நாள் முடித்தேன். கண்ணீர் அஞ்சலி பேனரை எங்கள் பயணப் பேனருக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். அச்சகத்தில் என் படம் அது ஒன்றுதான் இருந்ததாம், கறுப்புக் கண்ணாடியோடு துக்கத்தில் நின்றேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணனுக்கு இப்டி ஒரு தம்பி அமையணும் தணிகாசலம்" என்றார். வழியனுப்பு விழாவில் அதையே மைக்கிலும் சொன்னார்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் வேலூர் பக்கம் அணைக்கட்டு ஊரிலிருந்து போன் வந்தது. பங்காளி வகையில் சித்தப்பா முறை ஒருவர் தவறிவிட்டார். அதுவும் தீட்டுதான். செல்லம்மாள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப இன்னா பண்றது?"

"தூரத்துப் பங்காளி. இந்தக் காலத்துல இதையெல்லாம் பாத்தா ஆவுமா?" என்றேன். தலையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். பாயிடம் சொன்னபோது அவரும், "மனசு சுத்தமா இருந்தா போதும்பா, பேஜார் பண்ணிக்காத" என்றார். போனேன். பள்ளத்தின் விளிம்பில் நின்றேன். நெருப்பு நினைத்ததைவிடக் கொஞ்சம் கம்மிதான். எல்லோரும் குளிரில் நடுங்கினார்கள், நான் மட்டும் ஸ்வெட்டரில் இருந்தேன்.

இது கவனக்குறைவால் நேர்ந்த சாவு என்று எழுதிக்கொண்டால் எனக்குத் தண்டனை குறையும் என்று வக்கீல் சொல்கிறார். வேண்டாம் சார். நான் அனுப்பிய எதுவும் தற்செயலாக நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. வேதாசலத்தைக் கொன்றது நான். தெரிந்து, தேதி பார்த்துச் செய்தேன்.

சித்தப்பா தீட்டை ஒரு பக்கெட் தண்ணீரில் கழுவிக்கொண்டவன், அண்ணன் நடுவில் செத்திருந்தாலும் அதே பக்கெட்டை எடுத்திருக்கலாமே, அந்த மனுஷன் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பாரே என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு நம் வழக்கம் பிடிபடவில்லை. சித்தப்பா வேறு, அண்ணன் வேறு. கூடப் பிறந்தவனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்று ஒன்று இருக்கிறது, அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அண்ணன் செத்துப் பதினாறு முடிவதற்குள் ஊர் சுற்றப் போனான் தம்பி என்று ஆம்பூரில் ஒரு வாய் என்னைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்களே விசாரித்துப் பாருங்கள்.