பக்கத்து இருக்கை

என் கணவருக்கு மேலுதடு அவ்வளவு மெல்லியது என்பது கல்யாணமாகி இருபது வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, வக்கீல் சார். அதுவரை மீசை மூடிக்கொண்டிருந்தது. சிம்மாத்ரி மீசை என்றால் அனகாபல்லி வெல்லச் சந்தையில் தெரியாதவர் கிடையாது. புது மணப்பெண்ணாக வந்த நாளில், குத்துகிறது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "மீசையை எடுத்துட்டா சந்தையில எவன்டி என்னை மதிப்பான்?" என்று சிரித்தார். போன வருடம் அந்த மெஷினைப் பொருத்த விசாகப்பட்டினத்திலிருந்து பிரவல்லிகா என்ற கம்பெனிப் பெண் வந்தாள். "மீசை இருந்தா மாஸ்க் சரியா ஒட்டாது சித்தப்பா, காத்து கசியும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் காலையில் காபிக்கு வந்து உட்கார்ந்தவரைப் பார்த்து யாரோ என்று நினைத்தேன்.

நேற்று நீங்கள் ஜெயிலில் அவரிடம் கொடுப்பதற்காக மெஷினை எடுத்துப் போக வந்தபோது ஒன்று கேட்டீர்கள். இத்தனை மாதம் ஒழுங்காக மாட்டிக்கொண்டு தூங்கியவர், சபரிமலைக்கு மாலை போட்ட பிறகு ஏன் அதை விட்டார் என்று. அதற்குப் பதில் கிடைக்காவிட்டால், வேனில் செத்துப்போன நான்கு பேருக்கும் அவர் ஒருவரே பொறுப்பு, வருடக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான் என்றீர்கள். அவரோ "என் தப்பு" என்பதைத் தவிர வாயைத் திறப்பதில்லை, ஜாமீன்கூட வேண்டாம் என்கிறார் என்று வருத்தப்பட்டீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது, சார். தெரிந்தவள் நான்தான். காபி ஆறுகிறது, குடியுங்கள், சொல்கிறேன்.

அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுந்துபோகும். பிறகு ஒரு சத்தமும் இருக்காது. அந்த நேரத்தில் நெஞ்சில் கை வைத்து ஒரு உலுக்கு உலுக்கினால், முங்கி எழுந்தவர் மாதிரி மூச்சை இழுத்து விட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பார். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலிருந்து இது என் வேலை. யாரும் சொல்லித் தரவில்லை. தம்பி கல்யாணத்துக்குக்கூட நான் ராத்தங்கவில்லை, தாலி கட்டியதும் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன். "பைடிதல்லி கை வைக்கலேன்னா சிம்மாத்ரி என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பான்" என்று தெருவில் என் பெயரைச் சொல்லிப் பேசிக்கொள்வார்கள். அவரும் அதையே சொல்வார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சு ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரவில் தூக்கம் கெட்டவருக்குப் பகலில் கண் சொருகும். வேன் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அது ஆகுமா? அதனால் தூரத்துச் சவாரி எதுவானாலும் அவர் பக்கத்து இருக்கை என்னுடையது. பூரி, திருப்பதி, பத்ராசலம் எல்லாம் அப்படித்தான் போய் வந்தேன். சாமியைப் பார்த்ததைவிட ரோட்டைப் பார்த்ததுதான் அதிகம். வாய் ஓயாமல் பேச வேண்டும். பேச்சு தீர்ந்தால் பொரியும் பச்சைமிளகாயும் கொடுக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் தொடையில் ஒரு கிள்ளு. "வண்டியை ஓட்டுறது அண்ணனா, வதினாவா?" என்று பின்னாலிருந்து நூகரத்னம் கேட்பாள். நூகரத்னம் என் பக்கத்து வீட்டுக்காரி, தெருவில் எல்லோரையும் போல அவளும் என்னை வதினா, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவாள். வேனில் இருப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிறகு, மூச்சு நிற்காமல் ராத்திரி முழுக்க மாஸ்க் வழியாகக் காற்று ஊதுகிற அந்த மெஷின் வந்தது. முதல் வாரம் அவருக்கு ஒத்துவரவில்லை. மூச்சு முட்டுகிறது என்று பிடுங்கிப் போட்டார். தொண்டை வறண்டது, மூக்குத்தண்டில் புண் வந்தது. "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி இருக்குடி" என்றார். நான் புண்ணுக்கு வெண்ணெய் தடவிவிட்டேன். மெஷின் தானாகவே வீட்டை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் மறுபடி வந்தாள். பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகச் சொன்னாள். காற்று குறைவாகத் தொடங்கி மெல்ல ஏறும்படி வைத்தாள். தலைக்குப் பின்னால் வாரை இழுத்துத் தளர்த்தி அளவு பார்த்தாள். தப்பாகச் சொல்லவில்லை, நல்ல பெண். அன்றிலிருந்து அவர் தூங்க ஆரம்பித்தார்.

சத்தமே இல்லாத தூக்கம், சார். வழக்கம்போல நெஞ்சில் கை வைத்தேன். அது தானாக ஏறியது, தானாக இறங்கியது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் ஆளே மாறிவிட்டார். விடிந்ததும் நடக்கப் போனார். குளிக்கும்போது பாடினார். சந்தையில் மூட்டைக்காரர்களோடு வம்பளந்துவிட்டு வந்தார். இத்தனை வருடத்தில் தான் சாப்பிட்ட தட்டைக் கழுவாதவர், காலையில் எழுந்ததும் மாஸ்கைக் குழந்தை சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் காயவைத்தார். மெஷினுக்கு ஊற்றத் தனியாகத் தண்ணீர் வாங்கினார், பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர். நாங்கள் குடித்ததெல்லாம் முனிசிபாலிட்டிக் குழாய்த் தண்ணீர்தான்.

"என்ன வதினா, அண்ணனுக்குச் சின்ன வீடு வந்திருக்காமே! கட்டில்லயே கொண்டாந்து வச்சுக்கிட்டாராமே!" என்று நூகரத்னம் வாசலில் நின்று கேட்டாள்.

"ஆமாம்மா, ராத்திரி முழுக்க என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்குது. ஒரு நாளாவது நகை கேட்டுச்சா, புடவை கேட்டுச்சா?" என்றார் அவர். "நீ சொல்லு பைடி, உன்னை மாதிரிக் கிள்ளுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நூகரத்னத்தின் புருஷன் சன்யாசி ராவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், எனக்குப் பொறாமைதான். ஒரு பெண்ணாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன், முடியைப் பிடித்திருப்பேன். ஒரு டப்பாவை என்ன செய்ய? உடைத்தால் வேறு வாங்குவார். நான் உடைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

தீபாவளிச் சவாரிக்கு நான் பையோடு வாசலுக்கு வந்தபோது, பக்கத்து இருக்கையில் ஒரு வளையல் வியாபாரி உட்கார்ந்திருந்தான். "இனிமே அந்த சீட்டுக்கும் ஆள் ஏத்திக்கலாம் பைடி. உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்? நீ வீட்டுல நிம்மதியா இரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அந்த வாரம்தான் அவரை மாலை போடச் சொன்னேன். உடம்பு தேறிவிட்டது, ஐயப்பனுக்கு ஒரு மண்டலம் விரதம் இருந்துவிட்டு வாருங்கள், நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவருக்குச் சந்தோஷம். குருசாமி கொண்டல ராவ் வந்து மாலை போட்டார். சன்யாசி ராவும் போட்டுக்கொண்டார். கறுப்பு வேட்டி, பச்சைத்தண்ணீர்க் குளியல், தரையில் பாய், மனைவிக்குத் தனி அறை. அப்புறம், சவரம் கூடாது. உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மீசையோடு தாடியும் வந்தது. மாஸ்க் பொருந்தவில்லை.

"காத்தெல்லாம் கண்ணுல அடிக்குது பைடி. கண்ணு எரியுது" என்று வந்து நின்றார். பிரவல்லிகாவுக்குப் போன் போட்டுக் கேட்கலாமா என்றார். "மாலை போட்டுக்கிட்டு வயசுப் பொண்ணுக்குப் போன் பண்ணிப் பேசுவீங்களா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். மெஷினைத் துணி போட்டு மூடிப் பரணில் ஏற்றினார். ஒரு மண்டலம்தானே என்று சொல்லிக்கொண்டார்.

அந்தப் பெண் தானாகவே போன் செய்தாள். அவர் குளித்துக்கொண்டிருந்தார், நான்தான் எடுத்தேன். மாலை போட்டிருக்கிறார் என்றதும் பதறிப்போனாள். "அய்யோ சித்தி, தாடி வளர்ந்தா அது ஒட்டாதே! மூக்கு ஓட்டையில மட்டும் வைக்கிற மாதிரி சின்ன மாஸ்க் ஒண்ணு இருக்கு. தாடி இருந்தாலும் பரவாயில்ல. பஸ்ஸுல போட்டு விடறேன், எடுத்துக்கங்க. ஒரு நாள்கூட மெஷின் இல்லாம படுக்க விடாதீங்க, வண்டி ஓட்டுறவரு." நான் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பார்சலை வாங்கி வந்தேன். கட்டைவிரல் அளவுதான் இருந்தது அந்தச் சனியன். புளிப்பானையின் அடியில் வைத்து மேலே புளியைப் பரப்பினேன். அடுத்த முறை அவள் கேட்டபோது, நன்றாகப் பொருந்துகிறது, நீ நல்லா இருக்கணும் அம்மா என்றேன்.

குறட்டை திரும்பி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்டது. ஏறிப் போய் அறுந்துபோவதும் கேட்டது. போய்த் தொட முடியாது, விரதம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், மெஷின் வந்த நாளிலிருந்து தூக்கம் வராமல் கிடந்த நான், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினேன்.

இருமுடி கட்டுகிற அன்று காலையில் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். கண் சிவந்து, முகம் வீங்கியிருந்தது. "பைடி, மத்தியானத்துல கண்ணைச் சொருகுது. கூட ஒரு டிரைவரை வச்சுக்கட்டுமா? நம்ம அப்பலராஜு சும்மாதான் இருக்கான்" என்றார்.

அப்பலராஜு நல்ல டிரைவர். வாயாடி. வந்தால் எங்கே உட்காருவான் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மலைக்கு என் வயதுப் பெண்கள் போவதில்லை. இந்த ஒரு சவாரியில் நான் அவர் பக்கத்தில் உட்கார முடியாது. அந்த இடம் காலியாகவாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். கண் சொருகும்போது பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார், நான் இருக்க மாட்டேன். யார் இல்லாமல் முடியாது என்று அப்போது தெரியும். அவ்வளவுதான் என் எண்ணம்.

"ஒருவேளைச் சாப்பாடு, அதான் அசத்துது. சாமி காரியத்துக்குப் போறவரைச் சாமி பார்த்துக்க மாட்டாரா?" என்றேன்.

கொண்டல ராவ் விவரமானவர். வண்டி கிளம்பும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "மாதா, மறைக்காம சொல்லுங்க. சிம்மாத்ரி சாமி ராத்திரியில நல்லா தூங்குறாரா? இல்லேன்னா இன்னொரு ஆளை ஏற்பாடு பண்ணிடலாம், ஒண்ணும் பிரச்சனை இல்ல."

"குழந்தை மாதிரித் தூங்குறாரு சாமி" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போய் வண்டியில் ஏறினார். பக்கத்து இருக்கையில் அவர்களுடைய இருமுடிகளை அடுக்கியிருந்தார்கள். அன்னதானச் சாப்பாடு முடிந்த மதிய வேளை. துனி தாண்டி, வளைவே இல்லாத ரோட்டில், நிறுத்தி வைத்திருந்த லாரியின் பின்னால் என் கணவர் போய் மோதினார். கொண்டல ராவ் போனார், சன்யாசி ராவ் போனார், நான் பேர் மட்டும் கேள்விப்பட்ட இரண்டு பேர் போனார்கள். பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். இருக்காது. பார்க்காமலே எனக்குத் தெரியும்.

காரியம் முடியும்வரை நூகரத்னம் வீட்டுக்கு நான்தான் சமைத்துக் கொண்டுபோனேன். அவள் சாப்பிட மாட்டாள், ஊட்டித்தான் விட வேண்டும். ஒரு நாள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "நீங்க மட்டும் அண்ணன் பக்கத்துல உட்கார்ந்திருந்தா இது நடந்திருக்குமா வதினா?" என்று அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்று ஒரு வருடமாகக் காத்திருந்தேன், சார். அவள் வாயாலேயே வந்தது.

நேற்று உங்களோடு வந்த பிரவல்லிகா, "சித்தி, அந்தச் சின்ன மாஸ்க் எங்க?" என்று கேட்டாள். நான் புளிப்பானையைக் காட்டினேன். பொய் சொல்ல எனக்கு வராது. அவள் கையை விட்டு எடுத்து, துடைத்து, என்னைப் பார்த்தபடியே நின்றாள். அந்த வயதில் அவளுக்கு என்ன புரியும்?

இன்று வந்ததும் வராததுமாக நல்ல செய்தி என்று சொன்னீர்கள். ஜெயில் டாக்டர் அனுமதித்துவிட்டார், சின்ன மாஸ்க் தாடிக்குப் பொருந்திவிட்டது, நேற்று ராத்திரி வெகுநாளைக்குப் பிறகு அவர் அசையாமல் தூங்கினார் என்று. கேட்டுக்கொண்டேன். அவர் என்னிடமிருந்து ஊறுகாய் கேட்கவில்லை, போர்வை கேட்கவில்லை, நான் எப்படி இருக்கிறேன் என்றுகூட உங்களிடம் கேட்கவில்லை. கேட்டது அதை மட்டும்தான்.

நான் கோர்ட்டுக்கு வந்து சொல்கிறேன், சார். பார்சல், புளிப்பானை, கொண்டல ராவிடம் சொன்ன பதில், ஒன்றையும் விடாமல் நீதிபதி முன்னால் சொல்கிறேன். நன்றாகத் தூங்குகிறார் என்று சொன்னதற்குச் சட்டத்தில் என்ன தண்டனையோ, அதை வாங்கிக்கொள்கிறேன். நூகரத்னம் காதில் விழுந்தாலும் விழட்டும். அவர் வெளியே வர வேண்டும். அதற்கு முன்னால் நீங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் எழுதி வாங்கித் தர வேண்டும். வீட்டுக்கு அவர் மட்டும் வர வேண்டும். அது வரக் கூடாது.