மேம்பாலத்துக்கு ஒரு ஆள்

வண்டி வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், மைலேஜ் கேட்கிறார்கள், முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டுகிறார்கள். பின் அச்சுக்குள் என்ன கிரவுன் இருக்கிறது என்று குனிந்து பார்க்கிறவர் இந்த விருத்தாசலத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சார். பீங்கான் உற்பத்தியாளர் நலச் சங்கத்தின் தலைவர் என்றால் நாலும் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. டீயைக் குடியுங்கள். அந்தக் கப் நம் சூளையில் சுட்டதுதான். கைப்பிடி கொஞ்சம் கோணல், பிடித்துக்கொண்டால் தெரியாது.

நல்லமுத்து விஷயமாக வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் கிரவுனிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

என்ஜினிலிருந்து வருகிற தண்டின் சுற்றை வாங்கிப் பின் சக்கரத்துக்குக் கொடுக்கிற பல்சக்கரம்தான் கிரவுன். அதில் இரண்டு ரகம் உண்டு. தண்டு ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்றால் அது இழுக்கிற கிரவுன். பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு எந்த மேட்டிலும் ஏறும், ஆனால் ஓடாது. நாலு சுற்றுக்கும் குறைவு என்றால் ஓடுகிற கிரவுன். பறக்கும், ஆனால் பாரத்தோடு ஏற்றத்தில் நின்றுவிடும். இரண்டும் சேர்ந்த மாதிரி ஒன்றை ஆண்டவன் இன்னும் கொடுக்கவில்லை.

என் பிக்கப்பில் முதலில் இருந்தது இழுக்கிற கிரவுன். களிமண் குழி ரயில்வே மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், என் சூளை இந்தப் பக்கம். டிரெய்லர் நிறைய ஈர மண்ணோடு வண்டி முனகாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டீசல் செலவைக் குறைக்கத்தான் கிரவுனை மாற்றினேன் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் முழுவதையும் சொல்வதுதான் முறை.

மகளின் வளைகாப்புக்குச் சீர்த்தட்டுகளை அந்தப் பிக்கப்பிலேயே ஏற்றிக்கொண்டு உளுந்தூர்பேட்டை ரோட்டில் போனோம். எங்களை அழைத்துப் போக வந்திருந்த சம்பந்தி கோவிந்தசாமி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் மிதித்த மிதிக்கு வண்டி அலறியதே தவிர வேகம் எடுக்கவில்லை. கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டர் எங்களை முந்தியது. வண்டி முகப்பில் 'சங்கத் தலைவர்' என்று எழுதியிருக்கிறது. டிராக்டர்காரன் திரும்பி அதை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் போனான். சம்பந்தி தப்பாக ஒன்றும் பேசவில்லை.

“நல்லா நெதானமா ஓட்டுறீங்க சம்பந்தி. கொழந்த பொறக்கறதுக்குள்ள போயி சேந்துடலாம்” என்றார். அவ்வளவுதான்.

மறுவாரம் வண்டியை ஆனந்தராஜின் பட்டறையில் விட்டு, ஓடுகிற கிரவுனை மாட்டச் சொன்னேன். அவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்; அதனால் வாய் கொஞ்சம் அதிகம்.

“தலைவரே, மண்ணு இழுக்கிற வண்டிக்கு இத மாட்டாத. தரையில பறக்கும். பாலத்துல பாதியில நின்னுக்கினு மூக்கால அழுவும்” என்றான்.

பாலத்துக்கு ஒரு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்றேன். அவன் பழைய கிரவுனை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி எடுத்து வைத்தான். எப்படியும் திரும்பி வருவேன் என்று நினைத்தான் போலிருக்கிறது.

அப்படிப் போட்ட ஆள்தான் நல்லமுத்து. கம்மாபுரம் பக்கத்து நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு, டவுனில் வாடகைக்கு வந்திருந்தான். வேலை சுலபம்தான். வண்டி பாலத்தில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கி நிற்கும். டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. இவன் குதித்து ஓடி, டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைக் கொடுத்துவிட்டு, வண்டியின் பாடியில் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டுக் கேட்ட பிறகுதான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்து முதல் கியரில் கிளப்ப வேண்டும். லாரித் தொழிலில் இது காலங்காலமாக இருக்கிற வழக்கம், நான் கண்டுபிடித்ததல்ல. நல்லமுத்துவும் சந்தோஷமாகத்தான் செய்தான். “இந்த வண்டிக்கு நான்தான்பா அசல் கியரு. மத்ததெல்லாம் சும்மா இரும்பு” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பானாம்.

சாலைப் பாதுகாப்பு வாரத்தில் அவனுக்கு இருட்டில் மின்னுகிற சட்டை ஒன்று கொடுத்தேன், முதுகில் சங்கத்தின் பெயரோடு. நாங்கள் இருவரும் நிற்கிற படம் பேப்பரில் வந்தது.

அன்று காலை மழை விட்டு வெயில் வந்திருந்தது. மண் நன்றாக ஊறியிருந்தது. இரண்டு நடையாக எடுக்கலாம் என்றான் என் டிரைவர் திருமால். ஒரே நடை போதும் என்று சொல்லி நானும் ஏறி இடது பக்கம் உட்கார்ந்தேன். வழக்கமான இடத்தில் வண்டி நின்றது. நல்லமுத்து குதித்தான். பின்னால் ஹாரன் கேட்டது. இடது கண்ணாடியில் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் சம்பந்தியின் புதுக் கார் நின்றது. அவர் ஜன்னலில் தலையை நீட்டி எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறார் என்று எனக்குப் பட்டது. இப்போது நினைத்தால் நிச்சயமில்லை; வெயிலுக்கு முகத்தைச் சுளித்திருக்கலாம்.

அதே கண்ணாடியில் நல்லமுத்துவும் தெரிந்தான். கட்டை அவன் கையில்தான் இருந்தது. சேறு வழுக்கியதால் குனிந்து தோதான இடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தட்டிட்டான். எடு” என்றேன்.

திருமால் எடுத்தான்.

டிரெய்லர் ஓரடிதான் பின்னால் போனது. தரையில் அளந்து பாருங்கள், ஓரடி என்பது ஒன்றுமே இல்லை.

அவனே கால் வழுக்கி விழுந்ததாக ஸ்டேஷனில் எழுதி முடித்தார்கள். மழை பெய்த நாள், பொருத்தமாகத்தான் இருந்தது. திருமாலை இப்போது கேட்டாலும் தட்டுச் சத்தம் கேட்டது என்றுதான் சொல்வான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவன் காது தானாகவே அப்படிப் பழகிவிடுகிறது. சம்பந்தி அந்த நேரம் போனில் பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். அவருக்கு இது பெண் எடுத்த இடம். அவரும்தான் என்ன செய்வார்.

நான் அந்தக் குடும்பத்தைக் கைவிடவில்லை. கருணை அடிப்படையில் ஒருவருக்கு வேலை என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். நல்லமுத்துவின் மனைவி பாஞ்சாலை வந்து நின்றாள். சூளையில் பொம்மைக்கு வண்ணம் அடிக்கிற வேலை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாள். ஆனால் காலியாக இருந்தது அந்த இடம் ஒன்றுதான். பொன்னாடை போர்த்திக் கட்டையை அவள் கையில் கொடுத்தேன். கைதட்டினார்கள்.

மேற்பார்வைக்காக இப்போது ஒவ்வொரு நடைக்கும் நானே கூடப் போகிறேன். அவள் ஒழுங்காகத்தான் ஓடுகிறாள். ஒரே குறை, தட்டுவதில்லை. கட்டையைக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்து வந்து, என் ஜன்னலுக்கு நேரே நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். அதற்குள் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிடுகின்றன. வழக்கப்படி தட்டினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

“தட்டுனா உங்களுக்குக் கேக்காதுங்களே மொதலாளி” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் ஆமாம். வண்டி ஏறாது என்று தெரிந்துதான் கிரவுனை மாற்றினேன். கட்டை விழவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கச் சொன்னேன். வாயால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன். எழுதிக் கையெழுத்துக் கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சங்கத் தேர்தல் வருகிறது. அதற்குள் பேனாவை மூடிவிட்டீர்களே.

இப்போதாவது பழைய கிரவுனை மாட்டலாமே என்கிறீர்கள். ஆனந்தராஜும் அதைத்தான் சொல்கிறான், கூலி கூட வேண்டாம் என்கிறான். அரை நாள் வேலைதான், எனக்குத் தெரியாதா. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள் சார், புருஷனை இழந்து நிற்கிறவள். வண்டி தானாகவே ஏற ஆரம்பித்துவிட்டால் பாஞ்சாலைக்கு வேலை போய்விடும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.